பிளவண்ணச் சிகிச்சையில் முப்பரிமாணப் படிமமும் எண்ணிமப் பல்வார்ப்பும்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்: உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவுடன் பிறக்கும் குழந்தைக்கான சிகிச்சையில் பல்லின் வடிவமும் எலும்பின் வடிவமும் வெவ்வேறு கருவிகளால் பதிவு செய்யப்படுகின்றன. இப்பதிவுகள் எவ்வாறு இணைக்கப்படுகின்றன என்பதையும், அவற்றுள் எது மலைவாழ் மக்களின் ஊருக்கு அருகே செல்லக்கூடியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிளவண்ணம், பல்சீரமைப்பு, தாடை அறுவை, கூம்புக்கற்றைப் படிமம், எண்ணிமப் பல்வார்ப்பு, ஜவ்வாது மலை.

சிகிச்சையின் நீளமும் வழியின் நீளமும்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. ஜமுனாமரத்தூரையும் புதூர்நாட்டையும் சுற்றியுள்ள சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் பெருமளவில் வாழ்கின்றனர். பெரிய மருத்துவமனையை அடைய அவர்கள் போளூர், திருப்பத்தூர் போன்ற ஊர்கள் வழியாக மலைச்சாலையில் இறங்கியாக வேண்டும்.

பிளவண்ணத்துடன் பிறந்த குழந்தைக்கு ஓர் அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. உதடு ஏறத்தாழ மூன்றாம் மாதத்திலும், அண்ணம் பொதுவாக ஒன்றரை வயதுக்குள்ளும் தைக்கப்படுகின்றன. ஈறெலும்பில் எஞ்சும் பிளவை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத்துகளால் நிரப்பும் அறுவை, கோரைப்பல் முளைப்பதற்கு முன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள் செய்யப்படுகிறது. மேல்தாடை பின்தங்கி நின்றால், வளர்ச்சி நின்ற பின் தாடை அறுவையும் தேவைப்படலாம். இவற்றுக்கு இடையில் பல்சீரமைப்பு ஆண்டுக்கணக்கில் நடைபெறும். அறுவைக்காக ஒருமுறை இறங்கிவரும் குடும்பம், கம்பியை இறுக்குவதற்காக மாதந்தோறும் ஒருநாள் கூலியை இழந்து வருவது எளிதன்று. இடையில் நின்றுபோகும் சிகிச்சையின் விலையைக் குழந்தை தன் பேச்சிலும் மெல்லுதலிலும் முகத்திலும் தருகிறது.

இத்தொலைவுச் சிக்கலுக்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் பேச்சு, கேட்பியல் துறை, கனடாவின் டிரான்ஸ்ஃபார்மிங் ஃபேசஸ் அமைப்பின் துணையுடன் திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் பிளவண்ணக் குழந்தைகளுக்கான சமூகம்சார் மறுவாழ்வுத் திட்டத்தை நடத்தியது. உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து, பேச்சுப்பயிற்சியை வீட்டருகே கொண்டுசெல்வது அதன் நெறி. பேச்சுக்கு இயன்றது பல்லுக்கு எந்த அளவு இயலும் என்பதே இங்கு எழும் வினா.

சாந்து வார்ப்பிலிருந்து எண்ணிம வார்ப்புக்கு

மரபு முறையில் அல்ஜினேட் பசையை வாயில் வைத்து அச்செடுத்து, அதில் ஜிப்சம் சாந்தை ஊற்றி வார்ப்பு செய்யப்படுகிறது. அல்ஜினேட் உலர்ந்தால் சுருங்கும். ஆகவே விரைவில் சாந்து ஊற்ற வேண்டும். மலையில் எடுத்த அச்சு, பேருந்தில் பல மணி நேரம் பயணித்து ஆய்வகம் சேரும்போது நம்பத்தக்கதாக இருப்பதில்லை. கைக்குழந்தைகளிடம் அச்சுப்பசை மூச்சுக்குழலை அடைக்கும் இடரும் உண்டு. எனவேதான் பிளவுள்ள பச்சிளங் குழந்தைக்கு அச்செடுப்பது மருத்துவமனைச் சூழலில் மட்டும் செய்யப்பட்டு வருகிறது.

வாயக வருடி ஒளியைப் பல்லின்மீது பாய்ச்சித் திரும்பும் ஒளியைப் படம்பிடிக்கிறது. தொடர்ச்சியான படங்களின் பொதுப்பகுதிகளைப் பொருத்தி மென்பொருள் மேற்பரப்பைத் தைத்துக்கொண்டே செல்கிறது. தைக்கும் இடந்தோறும் சிறு பிழை சேர்வதால், சில பற்களைப் பதிவதில் கிடைக்கும் துல்லியம் முழு வளைவைப் பதிவதில் சற்றுக் குறையும். 1980களில் சூரிச்சில் மோர்மான் உருவாக்கிய செரெக் முறையிலிருந்து இத்தொழில்நுட்பம் வளர்ந்தது. இதன் விளைபொருள் ஒரு கோப்பு, உடையாது, சுருங்காது. இணைய அலைவரிசை சீராக இல்லாத ஊரில்கூட அதனை நினைவகத்தில் சேமித்து மறுநாள் அனுப்பலாம்.

எலும்பின் படம்

1931இல் பிராட்பென்ட் அறிமுகப்படுத்திய தலைப்பக்க ஊடுகதிர்ப்படம் நெடுங்காலம் பல்சீரமைப்பின் அடிப்படையாக இருந்தது. அதில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஒருபக்கப் பிளவால் முகம் கோணியிருப்பவருக்கு இக்குறை பெரிது. 1998இல் இத்தாலியின் மொட்சோ குழுவினர் விவரித்த கூம்புக்கற்றைக் கருவி, தலையைச் சுற்றி ஒரே சுழற்சியில் படமெடுத்து முப்பரிமாண எலும்பைத் தந்தது. பிளவின் கனஅளவையும் கோரைப்பல் நிற்கும் இடத்தையும் அறிய இது உதவுகிறது.

கருவிக்கும் படமெடுக்கும் பரப்புக்கும் ஏற்ப இதன் கதிர்வீச்சு அளவு சில பத்து மைக்ரோசீவர்ட்டிலிருந்து சில நூறு வரை வேறுபடும். எனவே எலும்பு ஒட்டுக்கு முன் எடுப்பது நியாயமானது; ஒவ்வொரு வருகையிலும் வழக்கமாக எடுப்பது குழந்தைகளிடம் நியாயமன்று. இந்தியாவில் இக்கருவியை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை. ஆதலால் இது ஊர்முகாமுக்கு எடுத்துச் செல்லத்தக்க கருவியன்று.

இரண்டையும் இணைத்தல்

எலும்புப்படம் மட்டுமே போதாதா என்ற ஐயம் எழலாம். அதன் கனப்புள்ளி பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருப்பதாலும், பற்களில் ஒட்டிய உலோகம் கதிர்க்கோடுகளை உண்டாக்குவதாலும் பற்களின் முகடுகள் மங்குகின்றன. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் இடத்தில் இந்த மங்கல் ஏற்கத்தக்கதன்று. வருடியின் படமோ முகடுகளைத் தெளிவாகக் காட்டும். வேரையும் எலும்பையும் காட்டாது. எனவே வருடியில் கிடைத்த பற்பரப்பை எலும்புப்படத்தின் பற்கள்மீது மென்பொருள் பொருத்துகிறது. அதன்பின் மேல்தாடையை லெ ஃபோர்ட் வெட்டால் திரையில் பிரித்து முன்னகர்த்தி, அந்நிலைக்கான கடித்தகட்டை முப்பரிமாண அச்சில் உருவாக்கலாம். முன்பு சாந்து வார்ப்பை வாளால் அறுத்து மெழுகால் ஒட்டிச் செய்த வேலையே இது.

இங்குக் கணினி தீர்க்காத ஒன்று உண்டு. படமெடுக்கும்போது கீழ்த்தாடை மூட்டு அதன் சரியான குழியில் அமர்ந்திருக்க வேண்டும். குழந்தையோ இளைஞரோ பழக்கத்தால் தாடையை முன்தள்ளிக் கடித்தால், அடுத்த எல்லாக் கணக்கும் நுட்பமாகத் தவறாகும். கடிபதிவை எடுப்பது இன்னும் மருத்துவரின் கைத்திறனே. தழும்பேறிய மேலுதடு எலும்போடு எவ்வளவு நகரும் என்பதைத் திரைமுன் காட்டும் முகமும் உறுதியாகச் சொல்லாது. குடும்பத்திற்கு அப்படத்தை வாக்குறுதியாகக் காட்டுவது தவறு.

மலைக்கு எது செல்லும்?

வருடி, மடிக்கணினி, முனையைத் தொற்றுநீக்கும் வசதி, பயிற்சிபெற்ற ஒருவர் ஆகியவை ஜமுனாமரத்தூரில் இருந்தால், பற்களின் வளர்ச்சியையும் நகர்வையும் குறித்த காலங்களில் பதிந்து நகரிலுள்ள பல்சீரமைப்பு வல்லுநருக்கு அனுப்ப இயலும். வளைவு ஒடுங்குவது, கம்பி கழன்றது, விரிப்பான் தளர்ந்தது போன்றவை அப்பதிவிலேயே தெரியும். குடும்பம் இறங்க வேண்டிய நாளை வல்லுநர் தீர்மானிப்பார், நாட்காட்டி தீர்மானிக்காது. எலும்புப்படமும் கடிபதிவும் அறுவை பற்றிய பேச்சும் ஒரே வருகையில் அடங்க, அந்த வருகைக்கு முன்பே பல்வார்ப்புக் கோப்பு மருத்துவமனைக் கணினியில் இருக்க வேண்டும்.