கிட்டங்கி நாயும் மருந்துக்கு அடங்காத படர்தாமரையும்

கிட்டங்கி வைத்திருக்கும் நம் அன்பர்கள் பலரிடம் இரவுக் காவலுக்கு ஒரு நாய் உண்டு. சாக்கு அடுக்கின் மேல் படுக்கும், மூட்டை இறக்க வருபவர்கள் தடவிக் கொடுப்பார்கள். அதன் தோலில் வட்டமாக முடி கொட்டினால் ‘சொறிதானே’ என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

எங்கள் நாய்க்குக் காதோரம் ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டம் விழுந்தது. மருந்துக் கடையில் மனிதருக்கென்று விற்ற களிம்பை வாங்கித் தடவினோம். நாலே நாளில் சிவப்பு மறைந்தது, நிறுத்திவிட்டோம். இரண்டு வாரத்தில் முதுகெல்லாம் வட்டம். கணக்குப் பிள்ளையின் முழங்கையிலும் ஒன்று! கால்நடை மருத்துவர் களிம்பின் டியூபைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். கூடவே பூஞ்சையை எதிர்க்கும் உடல் சக்தியையும் அடக்கிவிடும். போதாக்குறைக்கு நாய் அதை நக்கி விழுங்கும். இத்தகைய களிம்புகளுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று 2018இல் மத்திய அரசு விதி செய்தது. சீட்டைக் கேட்காமல் கொடுத்தவர் மேல் தவறு. கேட்டு வாங்கிய என் மேலும் தவறு.

அரைகுறை வைத்தியத்தில் இன்னொரு கேடும் உண்டு. லட்சக்கணக்கான பூஞ்சைகளில் ஒன்றிரண்டு, மருந்து தாக்கும் இடத்தில் பிறவியிலேயே மாறுதல் உள்ளவை. மற்றவை சாக, இவை பிழைத்துப் பெருகும். மனிதரிடம் இது நடந்தே விட்டது. நம் நாட்டில் டெர்பினாஃபின் மாத்திரைக்கு அடங்காமல் பரவிய படர்தாமரைப் பூஞ்சைக்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். 2023இல் நியூயார்க்கிலும் அது கண்டறியப்பட்டது. பெயரிலேயே இந்தியா இருப்பது பெருமைப்படும் சங்கதியல்ல.

நாய்களுக்குப் படர்தாமரை தருவது பெரும்பாலும் ‘மைக்ரோஸ்போரம் கேனிஸ்’ என்ற வேறு இனம். நல்ல வேளையாக, முறையாகக் கொடுத்தால் இன்னும் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படுகிறது. காதிலும் விரலிடுக்கிலும் துர்நாற்றத்தோடு வரும் ‘மலசேசியா’ நாயின் தோலில் இயல்பாகவே வாழ்வது. அளவு மீறினால்தான் தொல்லை. கீட்டோகொனசோல் வகை மருந்துகளுக்கு மசியாத மலசேசியா இத்தாலியிலும் ஜப்பானிலும் நாய்களிடம் காணப்பட்டிருக்கிறது. அதனால்தான் முதலில் மாத்திரைக்குப் போகாமல், குளோர்ஹெக்சிடினும் மைக்கொனசோலும் கலந்த ஷாம்பு போட்டு, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவச் சொல்கிறார்கள்.

எங்கள் நாய்க்கு முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகே மருந்து எழுதினார். முடி முளைத்த பிறகும் பரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று வரும்வரை நிறுத்தக்கூடாது என்றார். பல வாரம் பிடித்தது. கணக்குப் பிள்ளையைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

கிட்டங்கியைச் சுத்தம் செய்ததுதான் பெரிய வேலை. உதிர்ந்த முடியில் இந்தப் பூஞ்சையின் வித்துகள் 18 மாதம்கூட உயிரோடிருக்கும். சரக்கை அப்புறப்படுத்தி, முடியைக் கூட்டி அள்ளி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றி 10 நிமிடம் விட்டோம். நன்றாகக் காய்ந்த பிறகே மூட்டைகள் உள்ளே வந்தன. நாய் படுத்த சாக்குகளை எரித்துவிட்டோம். இப்போது அதற்கு வாசலோரம் தனியாக ஒரு பலகை.