குரங்கும் மின்கம்பியும்

மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் குருவிகளை மின்சாரம் ஏன் தாக்குவதில்லை என்று சிறுவர்கள் வினவுவதுண்டு. மின்சாரம் பாய்வதற்கு இரண்டு இடங்களுக்கிடையே அழுத்த வேறுபாடு வேண்டும். குருவியின் இரு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் அதற்குத் தீங்கில்லை. அதே கம்பியைப் பற்றிய குரங்கொன்று, மறு கையாலோ வாலாலோ அடுத்த கம்பியை அல்லது நிலத்தோடு இணைக்கப்பட்ட இரும்புச் சட்டத்தைத் தொடுமாயின், அதன் உடலே மின்சாரத்துக்குப் பாலமாகிவிடுகிறது. குரங்கு மாள்கிறது, ஊரும் இருளுகிறது.

புகையிரதப் பாதை வளைந்து வந்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே நுழைந்து செல்லும் விந்தையால் புகழ்பெற்றது தெமோதரை. அதைச் சூழ்ந்த ஊவா மலைத்தோட்டங்களில் 33,000 வோல்ற்று மின்கம்பிகள் தேயிலைச் சரிவுகளையும் நிழல் மரங்களையும் காட்டோரங்களையும் கடந்து செல்கின்றன. மரத்துக்கு மரம் தாவும் குரங்குக்கு மின்கம்பமும் ஒரு மரமே. மலை அணிலுக்கும் அவ்வாறே. பழந்தின்னி வௌவாலின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. விரித்த சிறகு ஒரு மீற்றருக்கும் மிகுதியாதலால், அருகருகே செல்லும் இரு கம்பிகளை அது எளிதில் ஒருங்கே தொட்டுவிடுகிறது.

மின்தடையால் தோட்டத்துக்கு நேரும் இழப்பு விளக்கணைவதோடு முடிவதன்று. அரைத்த கொழுந்து நொதிக்கும் வேளையில் மின்சாரம் நின்றால், நொதித்தல் நிற்பதில்லை. உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்பில் விறகு எரிந்தாலும், வெப்பக்காற்றைச் செலுத்தும் விசிறி சுழலாது. உரிய நேரம் கடந்த தேயிலையின் நிறமும் மணமும் குன்றும், விலையும் இறங்கும். வறண்ட காற்று வீசி ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஊட்டும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இவ்விழப்பு பெரிது. மின்பிறப்பாக்கி வைத்திருக்கும் தொழிற்சாலை தப்பலாம். லயன் அறையில் இரவுப் பாடம் படிக்கும் பிள்ளைக்கு அவ்வசதி ஏது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என எரிசக்தி அமைச்சர் குமார ஜெயக்கொடி கூறினார். செய்தி பலருக்கும் நகைப்பூட்டியது. ஆயினும் குரங்கின் மீது மட்டும் பழி சுமத்துவது முறையன்று. விடுமுறை நாளின் நண்பகலில் மின்தேவை குறைந்து, சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தது. அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழலிகளோ குறைவாக இயங்கின. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் செயலிழந்ததால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நிகழ்ந்தது. 2016 ஜூனில் கென்யாவின் கிட்டாரு நீர்மின் நிலையத்தில் மின்மாற்றிமீது விழுந்த குரங்கும் அந்நாட்டை இருளாக்கியது. அது மட்டும் உயிர் தப்பியது.

குரங்குகளைப் பிடித்து வேறிடத்தில் விடுவதால் பயன் சிறிதே. ஒழிந்த இடத்துக்கு வேறொரு கூட்டம் வந்துவிடும். ஆதலின் கம்பியைத் திருத்துவதே அறிவுடைமை. மின்மாற்றியின் மேல் நிற்கும் பீங்கான் காவலிகளுக்கும் அதன் இரும்புத் தொட்டிக்கும் இடையேயுள்ள தூரம் குரங்கின் கைக்கு எட்டுவது. மின்முனைகளுக்குக் காவலி உறை இடுவது செலவு குறைந்த, சிறந்த காப்பு. காட்டோரங்களில் வெறுங்கம்பிக்குப் பதிலாக உறையிட்ட கம்பிகளை அமைக்கலாம். கம்பத்தில் வழுக்குத் தகடு சுற்றலாம். எனினும் அருகில் ஒரு கிளை நீண்டிருந்தால் அத்தகடு வீண். கிளைகளை ஆண்டுதோறும் தறிப்பதை எக்கருவியாலும் ஈடுசெய்ய இயலாது. தறித்த பின் குரங்கு எவ்வழி செல்லும் என்பதையும் எண்ண வேண்டும். தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், சிங்கவால் குரங்குகள் வீதியைக் கடப்பதற்காக மரங்களுக்கிடையே தொங்கு பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. அவை அவற்றில் நடக்கவும் பழகிவிட்டன.

தொட்ட விலங்கு கீழே விழுந்துவிட்டால், தானியங்கி ஆளி சில விநாடிகளில் மின்சாரத்தை மீண்டும் செலுத்துவதுண்டு. ஆகவே, அறுந்து கிடக்கும் கம்பியையோ அதில் சிக்கிய விலங்கையோ, மின்சாரம் நின்றுவிட்டதென்று எண்ணித் தோட்டத்து மக்கள் தடியாலும் தொடலாகாது. மின்சார அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் வரும்வரை பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கி நிறுத்துவதே செய்யத்தக்கது.