கேமரன் மலை லேண்ட் ரோவருக்கு ஒரு போர்க்காலத் தாத்தா

கேமரன் மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு, உறுமியபடி மேடேறும் பழைய லேண்ட் ரோவர்கள். மழையும் பனியும் பட்டும் அவற்றின் மேற்தகடு துருப்பிடிப்பதில்லை. அதற்கான காரணம் போரில் தொடங்குகிறது.

1940-இல் அமெரிக்க இராணுவம், உளவு பார்க்கவும் சேதி கொண்டு செல்லவும் ஒரு சிறு வண்டி வேண்டுமென்று 135 நிறுவனங்களிடம் கேட்டது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். எடை 590 கிலோவைத் தாண்டக்கூடாது. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். பென்சில்வேனியாவிலிருந்த பாண்டம் என்ற சிறிய நிறுவனம் செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிவதற்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. எடை நிபந்தனை மட்டும் யாருக்கும் கைகூடவில்லை. கடைசியில் இராணுவமே இறங்கி வந்தது. ஆனால் பெரிய குத்தகை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. நட்டவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்! போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் உருவாகின.

போருக்குப் பின் இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் ஒரு பழைய இராணுவ ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதுபோல நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. முதல் மாதிரி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் மேற்தகடு அலுமினியக் கலவையில் அமைந்தது. துருப்பிடிக்காத இரகசியம் இதுதான்.

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் இராணுவம் இவ்வண்டிகளை வாங்கத் தொடங்கியது. மலாயாவின் செம்மண் பாதைகளிலும் அவை ஓடின. தோட்டத்துரைமார் பலர் பதுங்கித் தாக்குபவர்களுக்குப் பயந்து தங்கள் வாகனங்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். பால் வெட்டப் போன நம் மக்களுக்கு அந்தத் தகடும் இல்லை.

இலேசான வண்டியின் தீராத சிக்கல் இங்கேதான். தகடு கூடினால் வேகம் குறையும். குறைந்தால் உயிர் போகும். வட அயர்லாந்தில் கல்லெறியையும் துப்பாக்கிச் சூட்டையும் தாங்கச் செய்த 'ஸ்னாட்ச்' லேண்ட் ரோவரைப் பிரிட்டன் ஈராக்கிற்கு அனுப்பியது. சாலையோரக் குண்டுகளை அது தாங்கவில்லை. வீரர்களே அதை 'நடமாடும் சவப்பெட்டி' என்றார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் போராடியபின், 2017-இல் பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

590 கிலோ கேட்ட அமெரிக்க இராணுவம் பின்னாளில் வாங்கிய ஜேஎல்டிவி வண்டி 6 டன்னுக்கும் மேல். கேமரன் மலைக் காய்கறித் தோட்டத்துப் பாதை அதைத் தாங்குமா, தெரியாது.