மருந்தும் காவலும்

திட்டக்குடி வெள்ளாற்றங்கரையில் உள்ள ஊர். அவ்வூர்ச் சிவாலயத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு வைத்தியநாதர் என்பது திருநாமம். அவ்வூரிலிருந்து ஒரு தகப்பன் தன் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வைத்தியம் தேடிக் கிழக்கு நோக்கிப் பஸ் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குக் காய்ச்சலில்லை; கைகால் ஊனமில்லை; அறிவிலும் குறைவில்லை. ஆயினும் வகுப்பில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் அவனால் அமர முடிவதில்லை. கணக்கைப் பாதியில் விட்டு எழுகிறான். எழுதுகோலை நாள்தோறும் தொலைக்கிறான். கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடுகிறான். வண்டி வருவதைப் பாராமல் சாலையில் பாய்கிறான். பள்ளியில் அவனுக்கு அடங்காப்பிடாரி என்று பெயர். அடித்துப் பார்த்தாயிற்று, தாயத்துக் கட்டிப் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு வைத்தியர் பரிசோதித்து மாத்திரை ஒன்றை எழுதித் தருகிறார்.

ஊர் திரும்பிய தகப்பன் மாத்திரையின் பெயரை அண்டை அயலாரிடம் சொல்லுகிறான். “ஐயையோ! அது போதை மருந்தல்லவா?” என்று பதறுகிறார் ஒருவர். “அதைத் தின்றால் பரீட்சையில் முதலாவதாக வரலாமாமே, என் பையனுக்கும் இரண்டு கொடு” என்கிறார் மற்றொருவர். இவ்விருவர் கூற்றும் பிழை. முதற்பிழையால் மருந்து வேண்டிய குழந்தை அதனை இழக்கிறது. இரண்டாம் பிழையால் மருந்து வேண்டாத குழந்தை அதற்கு இரையாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் பாதை எது என்பதைப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கவனக்குறைவு, மிகைத்துடிப்பு என்று வைத்தியர் வழங்கும் இக்குறை புதிதாகப் புனையப்பட்டதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர், அறிவிற் குறைவில்லாதிருந்தும் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்க்குமிடத்து, 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இக்குறை இருப்பதாகத் தெரிகிறது. அவர்களிற் சிலர் வளர்ந்த பின்னரும் இதனோடு போராடுகின்றனர். இது பெற்றோரின் வளர்ப்புக் குற்றமுமன்று, பிள்ளையின் திமிருமன்று.

ஆனால் துள்ளித் திரியும் பிள்ளைகளெல்லாரும் இக்குறை உடையவரல்லர். அடையாளங்கள் 12 வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். ஆறு மாதங்களேனும் நீடித்திருத்தல் வேண்டும். பள்ளியில் மட்டுமோ வீட்டில் மட்டுமோ அன்றி, இரண்டிடத்தும் வெளிப்பட்டுப் பிள்ளையின் வாழ்வுக்கு இடையூறாக இருத்தல் வேண்டும். காது மந்தம், பார்வைக் குறைவு, இரத்தச் சோகை, தூக்கக் குறைவு, வலிப்பு, எழுத்துப் படிப்பதிலுள்ள தனிக்குறை, வீட்டில் ஓயாத சச்சரவு ஆகிய இவற்றுள் எதுவும் பிள்ளையின் கவனத்தைச் சிதறடிக்கக்கூடும். இவற்றையெல்லாம் ஆராயாமல் ஐந்து நிமிஷத்தில் மாத்திரை எழுதுவது வைத்தியமாகாது. அங்ஙனம் எழுதுவோரிடம் காரணம் கேட்பது பெற்றோரின் உரிமை.

இனி மருந்தின் வரலாற்றைப் பார்ப்போம். ஆம்ஃபெட்டமின் என்னும் பொருள் 1887-இல் பெர்லினில் முதன்முதல் ஆக்கப்பட்டது. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாகாணத்தில் குழந்தைகளுக்கான ஆஸ்பத்திரி ஒன்றை நடத்திய சார்லஸ் பிராட்லி என்பவர், அவ்வகை மருந்தைக் கொடுத்தபோது, அமைதியற்ற பிள்ளைகளிற் பலர் அமைதியுற்றுப் பாடத்திலும் ஊன்றியதைக் கண்டு வெளியிட்டார். 1944-இல் சுவிட்ஸர்லாந்தில் சீபா கம்பெனியின் இரசாயனி லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட் என்பதை ஆக்கினார். தம் மனைவி ரீட்டாவின் பெயரைத் தழுவி அவர் இட்ட பெயரே ரிட்டாலின். இந்நோய்க்கு நம் தேசத்தில் பெரிதும் வழங்கும் ஊக்கி மருந்து இந்த மெத்தில்ஃபெனிடேட்டே.

ஓயாமல் ஓடுகிறவனுக்கு ஊக்கி எதற்கு என்று கேட்கலாம். ஓட்டத்தை அடக்கி ஒன்றிலே நிலைக்கச் செய்யும் மூளைப் பகுதிக்கும் ஊக்கம் வேண்டும். டோபமின், நார்அட்ரினலின் என்னும் இரசங்கள் அங்கே போதிய அளவு தங்கிப் பணிசெய்ய இம்மருந்து துணைபுரிகிறது. பிரேக் தளர்ந்த வண்டிக்குப் பிரேக்கை இறுக்குவது போன்றது இது. ஆனால் மருந்து நோயை வேரோடு களைவதில்லை. உடம்பில் இருக்கும் மணி நேரத்துக்கே அது வேலை செய்கிறது. சாதாரண மாத்திரை மூன்று அல்லது நான்கு மணி நேரம் செல்லும். மெல்லக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் செல்லும்.

மருந்தைப் போலவே மேற்பார்வையும் முக்கியம் என்பதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 579 குழந்தைகளைக் கொண்டு 14 மாதங்கள் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1999-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு மருந்தளவைப் படிப்படியாகச் சரிசெய்து, மாதந்தோறும் பார்த்து, ஆசிரியரிடமும் விசாரித்து மருந்து கொடுக்கப்பட்டது. மற்றொரு பகுதியினர் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியத்துக்கு விடப்பட்டனர். பின்னவரிலும் மூன்றில் இரு பங்கினர் மருந்து உண்டவரே. எனினும் முன்னவரே தெளிவாகத் தேறினர். மருந்து இரு சாராருக்கும் கிடைத்தது. தேர்ந்த மேற்பார்வை ஒரு சாராருக்கே கிடைத்தது. பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில், மூன்றாம் ஆண்டில் இவ்வேற்றுமை மறைந்துபோயிற்று என்பதையும், இடைவிடாது மருந்துண்டவரின் வளர்ச்சி சுமார் 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே மருந்து ஒரு முறை எழுதப்பட்டால் என்றென்றைக்கும் என்று கருதாமல், ஆண்டுக்கொரு முறையேனும் இன்னும் வேண்டுமா என்று வைத்தியர் ஆராய்தல் முறை.

திட்டக்குடிப் பக்கத்தார்க்கு விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் புதிதன்று. சூளையில் வெப்பம் குறைந்தால் பாண்டம் வேகாது. மிஞ்சினால் கோணி வெடிக்கும். மண்ணுக்கேற்ற அளவை அறிந்து, வெப்பத்தை மெல்ல மெல்ல ஏற்றி, கண்ணை எடுக்காமல் காத்திருப்பவனே தொழிலாளி. இம்மருந்தின் அளவும் அத்தகையதே. குறைந்த அளவிலே தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றி, பயன் மிகுந்து தொல்லை குறைந்த இடத்திலே நிறுத்துவர் நல்ல வைத்தியர். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவு நம் பிள்ளையின் அளவாகாது.

நிற்க. தீமைகள் எவை? பசி மந்தித்தல், தூக்கம் கெடுதல், தலைவலி, வயிற்றுவலி, சிடுசிடுப்பு ஆகியவை அடிக்கடி காண்பவை. நாடியும் இரத்த அழுத்தமும் சற்று உயரும். சிலரிடம் கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற தன்னியல்பான அசைவுகள் தோன்றலாம். மனமயக்கமும் இல்லாததைக் காணுதலும் அரிதாக நேர்வதுண்டு. ஆதலின் மருந்து தொடங்குமுன் இருதயத்தைப் பரிசோதித்தல் வேண்டும். குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென மாண்டதுண்டா, பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா என்பதைப் பெற்றோர் ஒளிக்காமல் உரைத்தல் வேண்டும். பிறகு உயரம், எடை, நாடி, இரத்த அழுத்தம் இவற்றைக் காலந்தோறும் அளந்து குறித்து வருதல் வேண்டும்.

வீட்டிலே அனுசரிக்க வேண்டியவை சில. மாத்திரையைக் காலையில் கொடுக்க வேண்டும். பிற்பகலுக்குப் பின் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடும். காலை உணவை வயிறார உண்ணச் செய்து பிறகு கொடுத்தால் பசிக் குறைவின் தொல்லை தணியும். மெல்லக் கரையும் மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது. மறந்த வேளைக்கு ஈடாக இரட்டைப் பங்கு கொடுத்தல் ஆகாது. பிள்ளையின் கையில் டப்பாவைக் கொடாமல் பெற்றோரே எண்ணிக் கொடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், மனக்குழப்பம் தோன்றின் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். பள்ளி செல்லாத ஆறு வயதுக்கு உட்பட்ட சிறு குழந்தைக்கு, மருந்துக்கு முன்னதாகப் பெற்றோருக்குப் பயிற்சி அளித்தலே முதல் வைத்தியம். ஊக்கி ஒவ்வாதவருக்கு அட்டமோக்ஸெட்டின் போன்ற வேறு வகை மருந்துகளும் உண்டு. எந்த மருந்தாயினும், முன் வரிசையில் அமர்த்துதல், பாடத்தைச் சிறு துண்டுகளாக்கிக் கொடுத்தல், பிழைக்கு அடிக்காமல் நன்மைக்கு உடனே பாராட்டுதல் என்னும் ஆசிரியரின் உதவியின்றி முழுப்பயன் தராது.

இனி, பரீட்சைக்காக இரண்டு கேட்ட அண்டை வீட்டாருக்கு நாம் சொல்வது யாது? மெல்போர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நோயற்ற 40 பேருக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுத்துக் கடினமான புதிர்களை விடுவிக்கச் செய்து, முடிவை 2023-இல் வெளியிட்டனர். மருந்துண்டவர் அதிக நேரம் முயன்றனர். ஆனால் முயற்சியின் தரம் தாழ்ந்தது. சுறுசுறுப்பு ஏறிற்று, அறிவு ஏறவில்லை. விழித்திருக்கச் செய்வது வேறு, விளங்கச் செய்வது வேறு. நீட் முதலிய பரீட்சைகளுக்கு இரவு பகலாக உழைக்கும் நம் இளைஞர்கள் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்ளட்டும். இதே இனத்தைச் சேர்ந்த, இதனினும் கொடிய மெத்தாம்ஃபெட்டமின் யுத்த காலத்தில் ஜப்பானில் தாராளமாக வழங்கிற்று. யுத்தம் முடிந்ததும் அது வீதிக்கு வந்தது. 1951-இல் தனிச்சட்டம் செய்தும், 1954-ஆம் ஆண்டில் மட்டும் 55,000-க்கு மேற்பட்டோர் கைதாயினர். காவலற்ற ஊக்கி ஒரு தேசத்தின் இளமையை எப்படி அரிக்கும் என்பதற்கு இது போதும்.

இதனை உணர்ந்தே நம் தேசத்துச் சட்டமும் கடுமையாக இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்ட அட்டவணையில் உள்ளது. மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் உள்ளது. அதனை விற்கக் கடைக்காரருக்குத் தனி லைசென்ஸு வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். வைத்தியரின் சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். அவற்றில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தொலைவைத்திய விதிகளின்படி, டெலிபோன் மூலம் இம்மருந்தை எழுதிக் கொடுக்கவும் கூடாது. ஒரு பெரிய காவல் இது. இதனைத் தளர்த்துக என்று நாம் கேட்கவில்லை.

ஆனால் இக்காவலின் சுமை யார் தலையில் விழுகிறது? தனி லைசென்ஸுள்ள கடைகளும் மனநோய் வைத்தியரும் பெரிய நகரங்களில் இருப்பதைப் போலச் சிறு ஊர்களில் இல்லை. மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் திட்டக்குடித் தகப்பன், கீழ்க்கோடியில் இருக்கும் கடலூருக்கோ, சிதம்பரத்துக்கோ, புதுச்சேரிக்கோ செல்ல வேண்டியவனாகிறான். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. பிள்ளையின் பள்ளி நாள் ஒன்று போகிறது. மூன்றாம் முறை போக மனமின்றி மருந்தை நிறுத்திவிடுகிறான். அன்றேல் பழைய சீட்டைக் காட்டி, பரிசோதனையின்றி மருந்து மட்டும் வாங்க வழி தேடுகிறான். மருந்தைக் காக்கப் பிறந்த விதி, அதனை உண்ணும் பிள்ளையைக் காவலின்றி விட்டுவிடுகிறது. இதுவே நாம் எடுத்துக்காட்ட விரும்பும் குறை.

இதற்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. இருக்கும் ஏற்பாடுகளைச் செம்மையாக நடத்தினாலே போதும். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் 30 குறைகளில் இக்கவனக்குறைவும் ஒன்று. பள்ளிக்கு வரும் அத்திட்டத்தின் வைத்தியக் குழுவினர் பல்லையும் கண்ணையும் பார்ப்பதோடு நில்லாமல், “ஒரு நிலையில் நில்லாத பிள்ளை எவன்?” என்று ஆசிரியரைக் கேட்கட்டும். மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் தேசத்தில் நடைபெறுகிறது. அதன் வைத்தியர் மாதம் ஒரு நாள் தாலூகா ஆஸ்பத்திரியில் அமர்ந்து, இப்பிள்ளைகளின் எடையையும் நாடியையும் தாமே பார்த்து, மருந்தையும் அங்கேயே சர்க்கார் இருப்பிலிருந்து வழங்க ஏற்பாடு செய்யலாம். அதுவரையில் ஆலோசனைக்கு 14416 என்னும் இலவச டெலிபோன் எண் உண்டு. அதில் மாத்திரை கிடைக்காது, வழி கிடைக்கும்.

அரசியற்றொண்டு புரியும் அன்பர்களே! சாலைக்கும் குடிநீருக்கும் மகஜர் எழுதும் கைகள் இதற்கும் ஒன்று எழுதட்டும். அடங்காப்பிடாரி என்று ஊர் ஒதுக்கிய பிள்ளை நாளைய பிரஜை. அவனை அடித்து அடக்குவதும் பிழை. மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு மறப்பதும் பிழை. சட்டம் கடையின் பூட்டோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதற்கப்பால் பிள்ளையைக் காக்க வேண்டியவர் பெற்றோர், ஆசிரியர், வைத்தியர் ஆகிய மூவர். அம்மூவரும் மாதம் ஒரு முறை திட்டக்குடியிலேயே சந்திக்க வழி செய்வது நம் கடமை.