ஐந்து நிமிடத்தில் வரும் எச்சரிக்கை

2005இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மாணவர்கள் பலருக்கு, நண்பரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பை அழுத்தினால் ஒரு பக்கம் திறந்து பல்கலைக்கழகக் கடவுச்சொல்லைக் கேட்டது. உண்மையில் அதை அனுப்பியவர்கள் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள். யாருக்கு யார் நண்பர் என்பதை, இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடந்த தகவல்களிலிருந்தே திரட்டியிருந்தார்கள். நூற்றுக்கு 72 பேர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். முன்பின் தெரியாத பெயரில் போன அஞ்சலுக்கு ஏமாந்தவர்கள் 16 பேர்தான்.

இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நேரக்கணக்கு. ஏமாந்தவர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர் முதல் 12 மணி நேரத்திலேயே சிக்கினார்கள். அந்த அரை நாளுக்குள் யாராவது முந்திக்கொள்ள முடியுமா?

முடியும் என்று காட்டியவர்கள் சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2019இல் தொடங்கி 15 மாதங்கள், 14,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஒரு நிறுவனத்தில் இப்படி ஏமாற்றித் தகவல் பறிக்கும் ‘ஃபிஷிங்’ அஞ்சல்களைப் போன்ற போலி அஞ்சல்களைச் சோதனைக்காக அனுப்பிப் பார்த்தார்கள். சந்தேகம் வந்தால் தெரிவிக்க அஞ்சல் பெட்டியிலேயே ஒரு பொத்தான் வைத்தார்கள். வந்த புகார்களில் பத்தில் ஒரு பங்கு 5 நிமிடத்துக்குள் வந்துவிட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரை மணிக்குள்.

அதுபோன்ற பொத்தான் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தால், அதை அழுத்தும்போது நடப்பது அழகான வேலை. பழைய கடிதத்தின் உறையில் ஒவ்வோர் அஞ்சலகமும் குத்திய முத்திரை இருப்பதுபோல, மின்னஞ்சலிலும் அது கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் தன் பெயரையும் நேரத்தையும் பதித்திருக்கும். நம் திரையில் தெரியாத இந்தப் பதிவுகள், அஞ்சலைச் சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் தொலைந்துபோகின்றன. பொத்தான் வழியே போனால் அப்படியே போய்ச் சேர்கின்றன. பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக் குழு அவற்றை வைத்து, அதே அஞ்சல் வேறு யார் யாருக்குப் போயிருக்கிறது என்று தேடும். இன்னும் திறக்கப்படாத பிரதிகளைப் பெட்டிகளிலிருந்தே எடுத்துவிடும். போலிப் பக்கத்தின் முகவரியை வளாக வலையமைப்பில் முடக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்குத் தனக்கு அப்படியொரு அஞ்சல் வந்ததே தெரியாமல் போகும்.

ஏற்கெனவே கடவுச்சொல்லைத் தட்டிவிட்டவரும் கட்டாயம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். உடனே சொன்னால் கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் எல்லா உள்நுழைவுகளையும் துண்டித்துவிடலாம். அவரைத் திட்டுகிற அலுவலகத்துக்கு அடுத்த முறை யாரும் தகவல் சொல்லப்போவதில்லை. சூரிச் ஆய்விலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒரு முறையாவது தவறான இணைப்பை அழுத்தியவர்தான். ஆனால் 15 மாதங்கள் ஆகியும், புகார் செய்வதில் ஊழியர்கள் சளைக்கவில்லை.