பீஸ் இல்லாத படிப்பு!

என் கணவர், ஓசூர் சிப்காட்டில், வாகன உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், 22 ஆண்டுகளாக ஷிப்ட் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்ததும், 'ஜெர்மனியில எம்.எஸ்., படிக்கணும்மா...' என்றாள். ஜெர்மன் மிஷின்களோடு பாதி வாழ்க்கையைக் கழித்த மனுஷன் ஆயிற்றே... அவருக்கும் ஆசை தொற்றிக் கொண்டது.

ஊரிலிருந்த ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். 'மேடம்... ஜெர்மனியில படிப்புக்கு பீஸே கிடையாது. தங்க, சாப்பிடத்தான் செலவு...' என்றார், அங்கிருந்தவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் என, வருகிறவர்களுக்குத் தக்கபடி பேசினார். நம்பாமல் எப்படி இருப்பது?

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை என்பது தான் கொடுமை. அங்கே, அரசு பல்கலைக் கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டருக்கு சில நூறு யூரோவோடு சரி. அதிலும், பாடன் - வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், 2017 முதல், நம்மைப் போன்ற வெளிநாட்டினர், செமஸ்டருக்கு, 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்ப பல்கலையும், 2024லிருந்து நம் பிள்ளைகளிடம் கட்டணம் வசூலிக்கிறது. தனியார் கல்லூரிகள் கதையே வேறு. அங்கே, முழு பீஸ். ஆள் சேர்த்து விடும் ஏஜன்டுக்கு, கமிஷனும் உண்டு. இதெல்லாம், பிறகு தெரிந்து கொண்டது.

ஐந்து மாதம் இழுத்தடித்து, 'கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டி கிடைக்கல மேடம். பெர்லின்ல நல்ல பிரைவேட் காலேஜ் இருக்கு. இதை விட்டா, ஒரு வருஷம் வேஸ்ட்...' என்றார். அதற்குள், சான்றிதழ் சரிபார்ப்பு, ஜெர்மன் வகுப்பு என, நிறைய செலவழித்து விட்டோம். அதை விட, சொந்த பந்தம் அத்தனை பேரிடமும் நான் சொல்லியாகி விட்டது. எத்தனை அரசு பல்கலைக்கு விண்ணப்பித்தீர்கள் என்று, ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இரண்டே இரண்டு தானாம்!

ஆண்டுக்கு, 11 லட்சம் ரூபாய் பீஸ். இது போக, விசாவுக்கு முன், ஓர் ஆண்டு சாப்பாடு, வாடகைக்கென, 11,904 யூரோ - நம் பணத்தில், கிட்டத்தட்ட 12 லட்சம் - தனிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணம் தான். ஆனால், மாதம், 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. வீட்டுப் பத்திரம், பாங்குக்குப் போனது.

மார்ச், 2025ல், கேழ்வரகு மாவு, பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுத்து, தேவனஹள்ளி விமான நிலையத்தில் ஏற்றி விட்டோம். தினமும் வீடியோவில் பேசுவாள். முகம் மட்டும் தான் தெரியும், சிரித்தபடியே இருப்பாள்.

வரலட்சுமி நோன்பு அன்று, பூஜையைப் பார்த்து, கும்பிடக் கையைத் தூக்கினாள். விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி.

'என்ன கண்ணு இது?'

முதலில் மழுப்பினாள். அப்புறம், 'பார்சல் குடோன்ல பெட்டி தூக்கறேன்மா. விடிகாலை, 4:00 மணிக்குப் போனா, 8:00 மணிக்கு வந்துடுவேன்...' என்றாள். அங்கே, 4:00 மணி என்றால், இங்கே, காலை, 7:30. நான், அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, போன் செய்யாமல் இருந்த நேரம்!

'வேலை ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா... கிளாஸ்ல உட்கார்ந்தா, தூக்கம் தான் வருது. ரெண்டு பேப்பர் போயிடுச்சு...' என்ற போது தான், குரல் உடைந்தது. மாணவர்கள், ஆண்டுக்கு, 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது, 2024லிருந்து உள்ள விதி. அந்தச் சம்பளத்தில் வாடகையைச் சமாளிக்கலாம். 11 லட்சம் பீஸ் கட்ட முடியுமா?

பக்கத்தில் நின்று கேட்டுக் கொண்டிருந்தவர், எதுவும் பேசவில்லை. மறுநாளிலிருந்து, ஓ.டி., பார்க்க ஆரம்பித்து விட்டார்.

காலேஜை நான் குறை சொல்லவில்லை. அங்கீகாரம் உள்ளது தான். பாடமும் நன்றாக நடத்துகின்றனராம். எங்கள் சக்திக்கு உட்பட்டதா என்று தான், நாங்கள் பார்க்கவில்லை.

டி.ஏ.ஏ.டி., என, வெளிநாட்டு மாணவர்களுக்காக, ஜெர்மனியில் ஓர் அமைப்பு உள்ளது. அதன் இணையதளத்தில், ஒவ்வொரு படிப்புக்கும் கட்டணம் எவ்வளவு என்று போட்டிருக்கின்றனர். பார்க்க, ஐந்து நிமிடம் ஆகாது, காசும் வேண்டாம்.

போன வாரம், எதிர் வீட்டுப் பெண், மகனுக்காக, அதே கன்சல்டன்சி நோட்டீசை எடுத்து வந்தாள். காபி கொடுத்து, மொபைல் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வெகு நேரம் பார்த்தவள், 'அக்கா... இந்த பேரை எழுதிக் குடுங்க. பையன்கிட்ட காட்டணும்...' என்றாள்.

அந்த நோட்டீசின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்.