ஃபைனல் ஃபேன்டஸி: எதிலிருந்து ஆடுவது?

ஜப்பானில் இருந்து வரும் ஃபைனல் ஃபேன்டஸி வீடியோ கேம் 16-ஆம் எண் வரை வந்தாச்சு. "அப்போ ஒண்ணுல இருந்துதானே ஆடணும்?" என்று பலரும் கேட்கிறார்கள். வேண்டாம்! இது மெகா சீரியல் இல்லை. எண்ணுக்கு எண் கதை வேறு, உலகம் வேறு, ஆட்களும் வேறு. சோகோபோ என்ற சவாரிப் பறவை மாதிரி சில விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஹிரோனோபு சகாகுச்சி 1987-ல் உருவாக்கிய முதல் ஆட்டத்தில் கதை கொஞ்சம், சண்டை நிறைய. அதில் ஆரம்பித்தால் பாதியிலேயே விட்டுவிடுவீர்கள்.

என் ஓட்டு 2001-ல் வந்த 10-க்குத்தான். ஏன்னா, 4 முதல் 9 வரை நாம யோசிக்கிறதுக்குள்ளேயே எதிரி அடிச்சிடலாம். 10-ல் சண்டை நமக்காகக் காத்திருக்கும். அடுத்து யார் முறை என்ற வரிசை திரை ஓரத்திலேயே தெரியும். செஸ் மாதிரி நிதானமா யோசிக்கலாம். நடுவிலேயே ஆளையும் மாற்றலாம்: பறக்கும் எதிரியா, வாக்காவைக் கூப்பிடு, பந்தாலேயே அடிப்பான்! கதாநாயகன் டீடஸும் அந்த ஸ்பைரா உலகத்துக்குப் புதுசு. அவன் கேட்பதெல்லாம் நாம் கேட்க நினைப்பதுதான்.

வாங்கும்போது கவனம். '10-2' என்பது 10-இன் தொடர்ச்சி. முதலில் ஆடினால் 10-இன் முடிவு தெரிந்துபோகும். 11, 14 இரண்டும் இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடுவது. 2024-ல் வந்த 'ரீபர்த்', 7-இன் புது வடிவத்தில் இரண்டாம் பாகம்.

போன் மட்டும்தான் இருக்கா? 1994-ல் வந்த 6-ஐப் புதுப்பித்து 2022-ல் போனுக்கும் விட்டார்கள். படம் பழைய பாணிதான், ஆனால் நோபுவோ உவேமாட்சுவின் இசை பிரமாதம்!

எதுவானாலும் பரீட்சை முடிந்ததும் தொடங்குங்கள். 40 மணி நேரம் சாதாரணமா ஓடிடும்.